அம்மா அப்பாவுடன் நீலகிரி: வண்டி எங்கே நிற்கும், எங்கே உட்காரலாம்?

உங்கள் கேள்வியின் சாரம் இது: அப்பாவுக்கு 76 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். அம்மாவுக்கு 71, இரண்டு முழங்காலும் தேய்ந்து, கைத்தடியுடன் நடக்கிறார். கோவையிலிருந்து காரில் மூன்று நாள் ஊட்டிக்கு அழைத்துப் போக வேண்டும். ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ என்று வரும் பட்டியல்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

முதல் பதில்: ஊட்டியில் தங்காதீர்கள். குன்னூரில் தங்குங்கள். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் அதைவிட நானூறு மீட்டர் போலத் தாழ்ந்தது. குளிரும் மூச்சிரைப்பும் அந்த அளவுக்குக் குறையும். அதைவிட முக்கியம், வயதானவர்கள் அலையாமல் பார்க்கக்கூடிய நல்ல காட்சிமுனைகள் பலவும் குன்னூர், கோத்தகிரி பக்கம்தான் இருக்கின்றன. ஊட்டிக்கு ஒரு பகல் போய்வந்தால் போதும்.

இடங்களைத் தேர்ந்தெடுக்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்திருக்கிறேன். வண்டிக் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்ததிலிருந்து காட்சி தெரியும் இடம்வரை என்ன இருக்கிறது? எவ்வளவு தூரம், சரிவா படியா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, போய்ச் சேர்ந்த இடத்தில் உட்கார ஏதாவது இருக்கிறதா. இணையப் பட்டியல்கள் இதைச் சொல்வதில்லை. ‘அழகான நீர்வீழ்ச்சி, குடும்பத்துடன் செல்லலாம்’ என்று எழுதியிருக்கும். கார் நிறுத்துமிடத்திலிருந்து அருவிக்கு இறங்கும் பாதை எழுதப்பட்டிருக்காது.

இறங்கும் பாதை என்பதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மலையில் பல இடங்கள் சாலைக்குக் கீழே கிடக்கின்றன. போகும்போது இறக்கம், எல்லோரும் உற்சாகமாக இறங்கிவிடுவார்கள். ஆனால் தேய்ந்த முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் பாரம். அது முடிந்தபின், களைத்த நிலையில், அதே தூரத்தை மூச்சு வாங்க ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு இறக்கம் ஆகாது, அப்பாவின் இதயத்துக்கு ஏற்றம் ஆகாது. ஒரே பாதை இருவரையும் படுத்திவிடும். குன்னூரின் சிம்ஸ் பூங்கா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. 1874-இல் உருவான அருமையான பூங்கா; ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் சரிவில் அமைந்தது. வாசல் மேலே, குளமும் பூப்படுகைகளும் கீழே. நுழைவாயிலை ஒட்டிய மேல்பகுதியிலேயே பெரிய மரங்களின் நிழலில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது என்றால் போங்கள். குளம்வரை இறங்கிப் பார்ப்போம் என்று யார் கிளம்பினாலும் தடுத்துவிடுங்கள்.

அவர்களால் எவ்வளவு நடக்க முடியும் என்பதை ஊரிலேயே தெரிந்துகொள்ளலாம். கேட்டால் சொல்ல மாட்டார்கள். “எனக்கென்ன, நன்றாக நடப்பேனே” என்பார்கள். தெருமுனைக் கோயிலுக்கோ காய்கறிக் கடைக்கோ போகும்போது கூடவே போய்ப் பாருங்கள். எங்கே நின்று சுவரைப் பிடிக்கிறார்கள், எங்கே பேச்சு நின்று மூச்சு கேட்கிறது என்று கவனியுங்கள். அந்தத் தூரத்தில் பாதியை மலையில் ஒரு நேரத்துக்கான அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இடங்கள். இந்தப் பயணத்தில் நான் முதலிடம் கொடுப்பது மலை ரயிலுக்கு. ஆனால் முழு ரயில் பயணத்துக்கு அல்ல. மேட்டுப்பாளையத்தில் காலை ஏழு மணிக்கு மேல் புறப்பட்டு 46 கிலோமீட்டர் ஏறி ஊட்டி வந்து சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பற்சக்கரத் தண்டவாளத்தில் நீராவி இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஏறும் அந்தப் பகுதிக்காகத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இருந்தும் உங்கள் பெற்றோருக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெட்டிகள் சிறியவை, எதிரெதிர் இருக்கைகளில் முழங்காலும் முழங்காலும் இடிக்கும், காலை நீட்ட முடியாது. பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது, இடையில் நிற்கும் நிலையத்தில்தான் இறங்கிப் போய்வர வேண்டும். முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த ஐந்து மணி நேரம் தண்டனை.

குன்னூரிலிருந்து ஊட்டிவரை மட்டும் ரயிலில் போங்கள். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும், பெரும்பாலும் டீசல் இன்ஜின்தான் இழுக்கும். நாளுக்குச் சில வண்டிகள் ஓடுகின்றன. வெலிங்டன், அருவங்காடு தாண்டிக் கேத்தியை நெருங்கும்போது பள்ளத்தாக்கு விரியும்: படிப்படியாக வெட்டிய கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள், நடுவில் ஓட்டு வீடுகள், மேலே மேகம். லவ்டேல் பக்கம் மரங்கள் ஜன்னலை உரசுவதுபோல் நெருங்கி வரும். உட்கார்ந்த இடத்திலிருந்து மலை முழுவதையும் பார்க்க இதைவிட நல்ல வழி நீலகிரியில் இல்லை. கார் சாலை வழியாக முன்னால் போய் ஊட்டி நிலைய வாசலில் காத்திருக்கட்டும். திரும்பும் பயணம் காரில்.

ஏறும் நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. குன்னூர் நிலையத்தில் வண்டி வந்து நின்றதும் சுற்றுலாக் கூட்டம் முண்டியடிக்கும். பெட்டியின் கதவு குறுகல், ஏறும் படி சற்று உயரம், உள்ளே திரும்ப இடமிருக்காது. முன்பதிவு டிக்கெட் இருந்தால் இருக்கை எங்கும் ஓடிவிடாது. கூட்டம் ஏறட்டும். பிறகு நீங்கள் முதலில் ஏறி உள்ளே நின்று அம்மாவின் ஒரு கையைப் பிடியுங்கள், வெளியே ஒருவர் இடுப்புக்கருகில் தாங்கிக்கொள்ளட்டும். வலி குறைந்த காலை முதலில் படியில் வைத்து ஏறச் சொல்லுங்கள். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். முழங்கால் வலிக்காரர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் சொல்லித்தரும் முறை இது, படி எங்கே வந்தாலும் உதவும். கைத்தடி முதலிலேயே உள்ளே போய்விட வேண்டும். முன்பதிவு இல்லாத பெட்டியில் இடம் பிடித்துக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம்.

அடுத்து கோடநாடு காட்சிமுனை. கோத்தகிரியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் போலத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலை. அந்தப் பயணமே பாதி இன்பம். வண்டி ஏறக்குறைய முனைவரை போய்விடும். அங்கிருந்து பார்த்தால் நீலகிரியின் கிழக்கு விளிம்பு செங்குத்தாக விழுந்து, கீழே மாயாறு வெள்ளிக்கோடாக ஓடுவதும், தெங்குமரஹாடாவின் பச்சை வயல்களும், தெளிந்த நாளில் பவானிசாகர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும். கீழே இறங்கும் படிகளை விட்டுவிடுங்கள். மேல் தளத்திலிருந்து தெரிவதே போதுமானது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், நீலகிரியின் உச்சி என்ற பெயர் அதற்கு இருக்கிறது. ஆனால் கூட்டம், காற்று, வண்டியிலிருந்து இறங்கியபின் ஒரு ஏற்றம், அடிக்கடி மேகம் மூடிவிடும் காட்சி. ஸ்டென்ட் வைத்தவரை அங்கே ஏற்றுவதைவிடக் கோடநாட்டில் நிதானமாக ஒரு மணி நேரம் செலவழிப்பது பல மடங்கு மேல்.

குன்னூரிலிருந்து டால்பின் நோஸ் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில்தான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் நடை, சில படிகள் உண்டு. எதிர்மலையில் கேத்தரின் அருவி நூலாக விழுவது தெரியும். அம்மா அன்று எப்படி இருக்கிறார் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த இடம் பராமரிப்புக்காக மூடப்படுவதும் உண்டு, ஆகவே கிளம்பும் முன் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே சாலையில் வரும் லேம்ப்ஸ் ராக்குக்குக் காட்டுப்பாதையில் படியேற வேண்டும். அது அவர்களுக்கு இல்லை.

ஊட்டியில் தாவரவியல் பூங்கா ஒன்றே போதும். 1848-இல் தொடங்கிய பூங்கா, சரிவில் மேல்நோக்கிப் போவது. வாசலுக்கு அருகில் உள்ள கீழ்ப்பகுதியில் பெரிய புல்வெளியும் அகலமான நடைபாதையும் இருக்கின்றன. இரண்டு கோடி ஆண்டுப் பழமையானது என்று சொல்லப்படும் கல்லாகிப்போன மரத்தண்டையும் பார்க்கலாம். மேல்தளங்களுக்கு ஏறும் வேலை பேரப்பிள்ளைகளுடையது. ரோஜாப் பூங்கா அடுக்கடுக்கான தளங்கள், இறங்கி ஏறாமல் பார்க்க முடியாது. ஏரியில் படகு என்றால் ஆடும் படகில் கால் வைக்கும் அந்த ஒரு நொடிதான் ஆபத்து. மிதிபடகு வேண்டவே வேண்டாம். மோட்டார் படகென்றால் ஊழியர்கள் கைகொடுப்பார்கள், கேட்கத் தயங்காதீர்கள். பைக்காரா அருவி நடை அதிகம். ஆனால் பைக்காராவுக்குப் போகும் கூடலூர் சாலை, புல்வெளிக் குன்றுகளும் பைன் மரங்களும் நீர்த்தேக்கமுமாக, காரில் உட்கார்ந்தபடியே பார்க்க மிக அழகானது. அருவியை விட்டுவிட்டு அந்தச் சாலைக்காகவே ஒரு முறை போய்த் திரும்பலாம்.

ஓர் இடத்துக்குப் போனதும் அம்மா சொல்வார்: “நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.” நம் வீடுகளில் இந்த வாக்கியத்தைக் கேட்காத பயணமே இருக்காது. அவருக்குப் பார்க்க ஆசையில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். தன்னால் மற்றவர்களுக்குத் தாமதம் ஆகக்கூடாது என்பதுதான் அதற்குள் இருக்கிறது. நாம் முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, கைப்பேசியில் எடுத்த படங்களைக் காட்டுவோம். அவர் அதுவரை ஒரு சுற்றுலாப் பேருந்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது எனக்குப் பொறுக்காது. அவருக்காகக் கிளம்பிய பயணத்தில் அவர் கார் நிறுத்துமிடத்தில் இருக்கக்கூடாது. அதனால்தான் அவர் வர முடியாத இடங்களைப் பட்டியலிலிருந்து முன்பே எடுத்துவிடச் சொல்கிறேன். தவிர்க்கவே முடியாமல் அவர் வண்டியில் இருக்க நேர்ந்தால், ஓட்டுநரிடம் சொல்லிப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வண்டியைத் திருப்பி நிறுத்தச் செய்யுங்கள். யாராவது ஒருவர் கூடவே உட்காருங்கள். குன்னூர் – ஊட்டி நெடுஞ்சாலையில் கேத்திப் பள்ளத்தாக்கு தெரியும் இடத்தில் ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொடுத்தால் அதுவே ஒரு மாலைக்குப் போதும். அந்த மடக்கு நாற்காலியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், நான் சொன்னதில் மிக மலிவான உதவி அதுதான்.

தங்கும் அறையைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் “தரைத்தள அறைதானே?” என்று கேட்டால் “ஆமாம்” என்பார்கள். மலைச்சரிவில் கட்டிய விடுதியில் தரைத்தளம் என்பது சாலையிலிருந்து முப்பது படி கீழேயும் இருக்கலாம். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: கார் நிற்கும் இடத்துக்கும் அறைக் கட்டிலுக்கும் நடுவே எத்தனை படிகள்? சாப்பாட்டு அறைக்கு எத்தனை? கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் உயர்ந்த வாசற்படி உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, பக்கத்தில் பிடித்து எழ எதாவது இருக்கிறதா? வெந்நீர் எந்நேரமும் வருமா, காலை மட்டுமா? அறையின் படத்தை அனுப்பச் சொல்வதில் தவறில்லை. முடிந்தால் ஜன்னலிலிருந்து மலை தெரியும் அறையாகப் பாருங்கள். அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது, ஏனென்றால் ஒரு முழு மதியம் அவர்கள் அறையிலேயே இருக்கப் போகிறார்கள், இருக்கவும் வேண்டும். காலையில் ஓர் இடம், மதிய உணவு, தூக்கம், நாலு மணிக்கு மேல் இன்னோர் இடம். அதற்குமேல் ஒரு நாளில் ஏற்றாதீர்கள்.

கழிப்பறைதான் இந்தப் பயணங்களின் பேசப்படாத சிக்கல். வழியில் எங்கே போவது என்ற கவலையில் நம் அம்மாக்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். மலைக் குளிரில் தாகமும் தெரியாது. மாலையில் தலைசுற்றல், தசைப்பிடிப்பு, மலச்சிக்கல் என்று வந்து நிற்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நல்ல கழிப்பறை இருக்கும் உணவகத்தில் வண்டி நிற்கும் என்று கிளம்பும்போதே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நிறுத்துங்கள். கேட்காமலேயே நிறுத்த வேண்டும். கேட்கும்படி வைத்தால் கேட்க மாட்டார். அப்பா நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். போட்ட ஓரிரு மணி நேரத்துக்குள் அடிக்கடி போக வேண்டிவரும். பயண நாளில் எந்த நேரத்துக்குப் போடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிளம்பும் முன் இதய மருத்துவரிடம் உயரத்தையும் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிடுவது அவசியம், ஸ்டென்ட் அண்மையில் வைத்ததென்றால் இன்னும் அவசியம். சர்க்கரை இருந்தால் மதிய உணவு தள்ளிப்போகக்கூடாது. மாத்திரைகளும் மருந்துச் சீட்டும் கைப்பையில் இருக்க வேண்டும், டிக்கியில் உள்ள பெட்டியில் அல்ல. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனை இருக்கிறது. விடுதியிலிருந்து அதற்கான வழியை முதல் நாளே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

மலையேறும் சாலை: மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். வாந்தி வரும் வழக்கம் உள்ளவர் முன் இருக்கையில் உட்காரட்டும். வாந்திக்கான மாத்திரைகள் சிலவற்றால் மயக்கமும் தூக்கமும் வரும், புரோஸ்டேட் தொல்லை உள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைக்கவும் கூடும். கடையில் கேட்டு வாங்காமல் அதையும் மருத்துவரிடமே கேளுங்கள். பர்லியாறில் பழக்கடைகள் பக்கம் பத்து நிமிடம் நிறுத்தி, காலை நீட்டிவிட்டுப் போகலாம். பழப்பையைக் கையில் தொங்கவிட்டபடி நிற்க வேண்டாம், குரங்குகள் பிடுங்க வரும்போதுதான் கைத்தடிக்காரர்கள் தடுமாறுவார்கள்.

எப்போது போவது? ஏப்ரல், மே மாதங்களை விட்டுவிடுங்கள். மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊட்டிக்குள் கார் ஊர்ந்து செல்லும். வண்டியிலேயே இரண்டு மணி நேரம் அடைபட்டுக் கிடப்பது அவர்களுக்குத்தான் கொடுமை. அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதையில் மண் சரியும், ரயிலும் நிறுத்தப்படும். டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் ஊட்டியில் உறைபனி விழும்; இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அந்த விடியற்காலைக் குளிரில் வெளியே வரக்கூடாது. பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் முடிய வானம் தெளிந்து, கூட்டமும் குறைந்து இருக்கும். வார நாட்களாகப் பாருங்கள்.

ஊட்டி கிடைக்காமல் கொடைக்கானல் என்று முடிவானால், அங்கே கோக்கர்ஸ் வாக் இருக்கிறது. மலை விளிம்பை ஒட்டி 1872-இல் போட்ட, ஒரு கிலோமீட்டர் அளவிலான நடைபாதை. முழுவதும் நடக்க வேண்டியதில்லை. நுழைந்து கொஞ்ச தூரம் போனாலே பள்ளத்தாக்கு திறந்துவிடும். இரு முனைகளிலும் வாசல் உண்டு என்பதால் காரை மறுமுனைக்கு அனுப்பித் திரும்ப நடப்பதைத் தவிர்க்கலாம். பில்லர் ராக்ஸ், ஏரிக்கரை இரண்டும் அவர்களுக்கு ஒத்துவரும். ஆனால் ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: கொடைக்கானலிலும் டால்பின் நோஸ் என்று ஓர் இடம் இருக்கிறது, வட்டக்கானல் பக்கம். குன்னூரில் உள்ளதுபோல் கார் அருகே போகாது. வேர்களும் கற்களும் நிறைந்த செங்குத்தான பாதையில் இறங்கிப் போக வேண்டும். பெயரை மட்டும் பார்த்துப் பெற்றோரை அங்கே அழைத்துப் போய்விடாதீர்கள்.

உங்கள் மூன்று நாளை நான் இப்படி அமைப்பேன். முதல் நாள் நிதானமாக மலையேறி, மதியத்துக்குள் குன்னூர் அறைக்குப் போய் ஓய்வு. மாலையில் சிம்ஸ் பூங்காவின் மேல்பகுதி, அதுவும் களைப்பில்லாமல் இருந்தால். இரண்டாம் நாள் ரயிலில் ஊட்டி, தாவரவியல் பூங்காவின் கீழ்ப்புல்வெளி, மதிய உணவு, காரில் திரும்பும் வழியில் கேத்திப் பள்ளத்தாக்கு. மூன்றாம் நாள் அறையைக் காலி செய்துவிட்டுக் கோத்தகிரி, கோடநாடு. பிறகு கோத்தகிரி வழியாகவே மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம், குன்னூருக்குத் திரும்ப வேண்டாம். மதியம் இரண்டு மணிக்குள் கோத்தகிரியை விட்டுக் கிளம்பினால் இருட்டும் முன் கோவை.

முன்பதிவில் வரிசை முக்கியம். குன்னூர் – ஊட்டி ரயில் இருக்கைகள் குறைவு, வேகமாகத் தீர்ந்துவிடும். பயணத் தேதிக்கு 60 நாள் முன்பே பதிவு திறக்கும். அதை முதலில் எடுத்து, அந்தத் தேதியை நடுவில் வைத்து அறையைப் பேசுங்கள். கடைசியாக இ-பாஸ்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். கிளம்பும் முன் இணையத்தில் பதிந்து, கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்று பதிவு செய்யத் தொடங்கினால், வெயிலில் காருக்குள் காத்திருக்கப் போவது அம்மாவும் அப்பாவும்தான்.